மூச்சு மேஸ்திரி காற்று வாங்கிய கதை

"நான் பொறுப்பேத்த நாள்லேர்ந்து இந்த ஊர்ல ஒரு மூச்சுக் காத்துகூட வீணாப் போனதில்ல. என் உடம்புல மூச்சு இருக்கிற வரைக்கும் போகவும் போகாது."

ஊர் தொடங்கிய முப்பதாம் ஆண்டு விழாவில் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று மூச்சு மேஸ்திரி இப்படி முழங்கியபோது கூட்டம் கைதட்டியது. மேஸ்திரி கையை உயர்த்தி அதை அடக்கினார். அவையடக்கம் என்று நினைத்தவர்கள் அவரை அறியாதவர்கள். பலமாகக் கைதட்டினால் மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினால் காற்று செலவாகும். அவ்வளவுதான் விஷயம்.

ஊர் இருந்தது பூமியில் அல்ல. மண்ணும் கல்லும் வேண்டிய மட்டும் உள்ள வேறொரு கிரகத்தில். அங்கே காற்று இல்லை என்று சொன்னால் விஞ்ஞானிகள் கோபித்துக்கொள்வார்கள். இருக்கிறது, மூச்சுவிடத்தான் முடியாது. பெரிய மனிதர்களின் வாக்குறுதி மாதிரி. ஆகவே ஊர் முழுவதும் ஒரே கூரைக்குள் இருந்தது. வீடுகள், பள்ளிக்கூடம், சலவைக்கூடம், கீரை வளர்க்கும் அறைகள், எல்லாவற்றையும் இணைக்கும் நீண்ட நடைவழி ஒன்று. அந்த நடைவழிக்குப் பெரிய தெரு என்று பெயர். சின்னத் தெரு எதுவும் கிடையாது. இருந்தாலும் பெயரில் ஏன் கஞ்சத்தனம்?

கஞ்சத்தனம் முழுவதையும் காற்றுப் பிரிவு குத்தகைக்கு எடுத்திருந்தது. அதன் தலைவர்தான் நம் மேஸ்திரி. ஊருக்குள் காற்றைச் சுற்றவைக்கும் விசிறிகள், அதைச் சுத்தம் செய்யும் வடிகட்டிகள், கதவு இடுக்கு ரப்பர்கள் எல்லாம் அவர் ஆட்சிக்கு உட்பட்டவை. விசிறிகளை மிகக் குறைந்த வேகத்தில் வைத்திருந்தார். அவை அனுப்பிய காற்று, தூங்கும் பூனை விடுகிற மூச்சின் அளவுக்கு இருந்தது. கேட்டால் காரணம் சொல்வார்: வேகம் கூடினால் மூலையில் கிடக்கும் தூசி கிளம்பும், தூசி கிளம்பினால் வடிகட்டி அடைக்கும், புது வடிகட்டி பூமியிலிருந்து வரவேண்டும். நியாயமான காரணம்தான். ஆனால் பெரிய தெருவில் "பெருமூச்சைத் தவிர்க்கவும்" என்று அவர் பலகை மாட்டியதற்கு யாருக்கும் நியாயம் விளங்கவில்லை. அந்தப் பலகையைப் படித்த ஒவ்வொருவரும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் போனார்கள்.

மேஸ்திரியின் மனைவி உடுப்புக்கூடத்தில் வேலை பார்த்தார். வெளியே போகிறவர்கள் அணியும் கனத்த உடைகளுக்கு ஒட்டுப் போடுவது அவர் பணி. கணவன் காற்றைக் காக்க, மனைவி காற்று ஒழுகும் ஓட்டையை அடைக்க, பத்து வருடமாக இல்லறம் கசிவில்லாமல் நடந்துவந்தது. அப்போதுதான் மாமனார் வந்து சேர்ந்தார்.

மாமனார் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மனைவி போன பிறகு பூமியில் தனியாக இருந்தார். ஒரே மகள், குடும்ப ஒதுக்கீட்டில் விண்ணப்பித்து, எட்டு மாதப் பயணத்தில் வரவழைத்துவிட்டார். வண்டியிலிருந்து இறங்கிய கண்டக்டர் பெரிய தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். இரண்டு பக்கமும் மூடிய கண்ணாடி. மேலே கைப்பிடிக் கம்பி. இந்த ஊரில் உடம்பின் எடை பாதிக்கும் குறைவு, புதிதாக வருகிறவர்கள் துள்ளித் துள்ளி விழுவார்கள் என்பதற்காகப் போட்ட கம்பி அது.

"பஸ் நல்லாத்தான் இருக்கு மாப்ள," என்றார். "எப்பக் கிளம்பும்?"

"இது ஊர் மாமா."

"அப்படியா. சரி, ஜன்னலைக் கொஞ்சம் திறக்கச் சொல்லுங்க."

மருமகன் சிரிக்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதை அங்கேயே நின்று விளக்கினார். கண்டக்டர் பாதியிலேயே கொட்டாவி விட்டார். மேஸ்திரி அந்தக் கொட்டாவியையும் கவனித்துக்கொண்டார். பெரிய கொட்டாவி.

மற்ற கஷ்டங்களுக்கெல்லாம் கண்டக்டர் சீக்கிரமே பழகிவிட்டார். ஊருக்குள் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் சூடேறுவதற்கு முன்பே கொதித்துவிடும்; டீ ஒருநாளும் நாக்கைச் சுடாது. "பரவால்ல, ஆத்துற வேலை மிச்சம்" என்றார். குளியல் என்பது முகத்தில் யாரோ தும்மியதுபோல் ஒரு தூறல். "வருஷம் முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளும் கண்டக்டர் வேலைல வேர்வைலயே குளிச்சவன் நான்" என்றார். அந்தத் தூறலும் ஊராரின் வேர்வையிலிருந்து வடித்ததுதான் என்று மகள் சொன்னபோது, "பாத்தியா, நம்மள விட்டுப் போகல" என்றார். ஒன்றே ஒன்றுக்குத்தான் அவர் பழகவில்லை. காற்று அசையவில்லை.

முப்பத்து நான்கு வருடம் பஸ்ஸின் படிக்கட்டில் நின்று பிழைத்தவர் அவர். உள்ளே நூறு பேர் வெந்துகொண்டிருக்க, ஒற்றைக் கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தில் காற்று அறைய நின்றவர். ஓய்வுபெற்ற பிறகும் சாயங்காலமானால் சட்டையின் மேல் பித்தானைக் கழற்றிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். எங்கே என்று கேட்டால், "காத்து வாங்க." அவ்வளவுதான். அதற்குமேல் அவர் வாழ்க்கையிடம் கேட்டதில்லை.

"இங்க வந்து பாருங்க மாமா, காத்து இருக்கு. இருபத்தோரு சதவீதம் ஆக்ஸிஜன்," என்றார் மேஸ்திரி, சுவரிலிருந்த அளவுமானியைத் தட்டிக் காட்டி.

"இருக்கு மாப்ள. ஆனா உட்காந்திருக்கு. ரிட்டயர் ஆன காத்து."

மேஸ்திரி தன் கொள்கையைச் சற்றே தளர்த்தினார். பழைய இயந்திரம் ஒன்றிலிருந்து கழற்றிய உள்ளங்கை அளவு விசிறியை மாமனாரின் கட்டிலருகே பொருத்திக் கொடுத்தார். கண்டக்டர் மரியாதைக்காக அதன் முன் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்.

"கோவிச்சுக்காதீங்க மாப்ள. காத்தை நாம தேடிப் போய் வாங்கணும். அது நம்மளத் தேடி வீட்டுக்குள்ள வந்தா அதுக்குப் பேரு ஜலதோஷம்."

இப்படியே இரண்டு மாதம் போயிற்று. பூமிக்குத் திரும்பும் வண்டி கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, கண்டக்டர் தானும் அதில் போவதாகச் சொல்லிவிட்டார். சண்டை இல்லை, முறைப்பு இல்லை. இறங்கவேண்டிய நிறுத்தம் வந்துவிட்டதைச் சொல்லும் குரலில் சொன்னார். இதில் மேஸ்திரிக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் அந்த வண்டியில் தனியாகப் பயணம் செய்யக்கூடாது; கண்டக்டர் இங்கே வரும் வழியில்தான் எழுபதைத் தாண்டியிருந்தார். ரத்த உறவு ஒருவர் கூடவே போகவேண்டும் என்பது விதி. கண்டக்டருக்கு ரத்த உறவு ஒன்றுதான். அது மேஸ்திரியின் மனைவி.

"நான் போய் அப்பாவை விட்டுட்டு வந்துடறேங்க," என்றார் அவர், ஊசியில் நூல் கோத்தபடி.

"விட்டுட்டு வர்றதுன்னா? அடுத்த தெருவா?"

"மூணு வருஷம். திரும்பற வண்டிக்கு அங்க காத்திருக்கணும்ல. கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்."

மேஸ்திரி கண்ணை மூடித் திறந்து பார்த்தார். எதுவும் ஓடியிருக்கவில்லை.

"நீங்க மனசு வெச்சா சாயங்காலத்துல கொஞ்ச நேரம் பெரிய விசிறியப் போடலாம்," என்றார் மனைவி, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு. "அப்பா இருந்துடுவாரு."

"ஒருத்தருக்காகக் காத்தை வீணாக்க முடியாது. விழாவுல அத்தனை பேர் முன்னாடி சொல்லியிருக்கேன்."

"கேட்டேன். நானும்தான் கைதட்டினேன்."

அதன் பிறகு அந்த வீட்டில் பேச்சுக் காற்றும் அசையவில்லை. மனைவி பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தார். மேஸ்திரி அந்தப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு நடக்கப் பழகினார்.

இங்கே ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். வெளியே மண்ணில் வேலை செய்யப் போகிறவர்கள், உடுப்புக்கூடத்தின் பக்கத்திலுள்ள ஜன்னலில் நின்று முதுகு உருளையில் காற்று நிரப்பிக்கொள்வார்கள். "இரு, காத்து வாங்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் அது ஒன்றுதான். உருளை காலியானால் காற்று வாங்கவேண்டும். காலியாகாமல் யாரும் வாங்கமாட்டார்கள்.

வண்டி கிளம்ப இரண்டு நாள் இருந்தது. கட்டுப்பாட்டு அறையில் அன்று பணியில் இருந்த பெண் இங்கேயே பிறந்தவர்.

அன்று மேஸ்திரிக்கு வார விடுமுறை. மதியத்திலிருந்து குப்புறப்படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்; பெட்டியைப் பார்க்காமலிருக்க அது ஒரு வழி. மனைவி வேலைக்குப் போயிருந்தார். சாயங்காலம் கண்டக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. காற்று இருக்கிறதோ இல்லையோ, நடந்துவிட்டாவது வருவோம் என்று பித்தானைக் கழற்றினார். வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்கள் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் சொல்லவேண்டும் என்பது விதி. விதிக்குக் கட்டுப்பட்டு அவர் தொலைபேசியை எடுத்தார்.

"அம்மா, மூச்சு மேஸ்திரி வீட்டுலேர்ந்து பேசறேன். காத்து வாங்கப் போறேன்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "வீட்டுல காத்து இல்லையா?"

"எங்கம்மா இருக்கு? நான் வந்த நாள்லேர்ந்தே இல்ல."

"பெரியவரே, பதறாதீங்க. வீட்டுல வேற யாரு இருக்கா?"

"மாப்ள மட்டும் இருக்காரு. மத்தியானத்துலேர்ந்து குப்புறக் கிடக்கிறாரு."

"அசையறாரா?"

"அவரு எங்க அசைவாரு? காத்தும் அசையாது, அவரும் அசைய மாட்டாரு." கண்டக்டருக்கு யாரோ காதுகொடுத்துக் கேட்கிறார்கள் என்ற சந்தோஷம். "அவருக்குக் காத்தே வேணாம்மா. அது இல்லாமலே பழகிட்டாரு. எனக்குத்தான் முடியல. நான் போய் வாங்கிக்கறேன்."

போனை வைத்துவிட்டு அவர் பெரிய தெருவை நோக்கி நடந்தார். அவர் அங்கே பத்தடி வைப்பதற்குள் ஊரின் எல்லா அபாயச் சங்குகளும் ஒரே நேரத்தில் ஊத ஆரம்பித்தன.

காற்றுப் பிரிவுத் தலைவர் வீட்டிலேயே காற்று இல்லை என்ற செய்தி ஊரில் எப்படிப் பரவியிருக்கும் என்பதை வாசகர்களின் கற்பனைக்கு விடுகிறேன். சமையல்காரர் வீட்டில் பட்டினி என்றாலாவது இரண்டு பேர் சந்தேகப்பட்டிருப்பார்கள். இதில் யாரும் சந்தேகப்படவில்லை. மேஸ்திரி சொந்த வீட்டிலும் மிச்சம் பிடித்திருப்பார் என்றே எல்லோரும் நம்பினார்கள்.

மீட்புக் குழு கதவை உடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தது. மேஸ்திரியே பயிற்சி கொடுத்த குழு. நால்வர் அவரைப் புரட்டிப் போட்டு, அவர் கண் திறப்பதற்குள் முகமூடியை மாட்டிவிட்டார்கள். ஒருவர் மார்பில் காதை வைத்துக் கேட்டார்.

"மேஸ்திரிக்கு மூச்சு இருக்கு," என்று அறிவித்தார்.

"டேய், என்னடா பண்றீங்க," என்று மேஸ்திரி சொன்னது முகமூடிக்குள்ளேயே சுழன்றது. கழற்றப் போன கையை நால்வரும் பிடித்துக்கொண்டார்கள்.

"சங்கு நிக்கற வரைக்கும் கழட்டக் கூடாது சார். நீங்க போட்ட விதிதான்."

தான் வெட்டிய விதியில் தானே விழுந்த மேஸ்திரி, முகமூடியோடு காற்று அறைக்கு ஓடினார். கசிவு உண்மையா என்று பார்த்து, பொய் என்றால் அபாயத்தை நிறுத்தும் நெம்புகோல் அங்கேதான் இருந்தது. அதைத் தொடும் அதிகாரமும் அவர் ஒருவருக்குத்தான். அளவுமானிகளைப் பார்த்தார். முதல் முள், அடுத்த முள், கடைசி முள் வரை எல்லாம் நல்ல பிள்ளைகளாக இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. கசிவு இல்லை. எங்கும் இல்லை. நெம்புகோலில் கையை வைத்தார்.

காற்று அறையின் கண்ணாடி வழியே பெரிய தெரு தெரிந்தது.

அபாயம் என்று வந்துவிட்டால் பெரிய தெருவின் இரு முனைக் கதவுகளும் மூடிக்கொள்ளும். மூடிய இடத்தில் காற்று தேங்காமலிருக்க, பெரிய விசிறிகள் முழு வேகத்தில் ஓடும். திட்டம் போட்டவர் மேஸ்திரி. ஆனால் அவை அப்படி ஓடி அவரே பார்த்ததில்லை. இப்போது ஓடிக்கொண்டிருந்தன. சலவைக்கூடத்து வண்டியிலிருந்து விரிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிப் பறந்தன. முதலில் பயந்து சுவரோடு ஒட்டியிருந்த பள்ளிப் பிள்ளைகள், பிறந்ததிலிருந்து காற்று அடித்தே பார்க்காதவர்கள், மேல்சட்டையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு வழுக்கிக்கொண்டே போனார்கள். எடை குறைந்த ஊர் அல்லவா, சில பிள்ளைகளின் கால் தரையிலேயே இல்லை. "பெருமூச்சைத் தவிர்க்கவும்" பலகை ஆணியிலிருந்து ஒரு பக்கம் கழன்று, கடகடவென்று தலையாட்டிக்கொண்டிருந்தது.

கதவோரத்தில், ஒற்றைப் படியில் ஒற்றைக் காலும், கைப்பிடிக் கம்பியில் ஒற்றைக் கையுமாக, உடம்பைத் தெருப்பக்கம் சாய்த்து, சட்டை முதுகில் புடைக்க, கண்ணை மூடி நின்றிருந்தார் கண்டக்டர். அவர் வாய் ஏதோ கத்தியது. கண்ணாடி வழியே கேட்கவில்லை. ஆனால் உதட்டசைவு போதுமானதாக இருந்தது: போலாம், ரைட்.

அவருக்கு அருகில் மேஸ்திரியின் மனைவி. சங்கு கேட்டு அப்பாவைத் தேடி ஓடிவந்தவர், கதவு மூடி உள்ளே மாட்டிக்கொண்டார். கொண்டையிலிருந்த ஊசி எங்கோ போய்விட்டது. தலைமுடி முழுவதும் அவிழ்ந்து முகத்தில் அடித்தது. அவர் அதை ஒதுக்கவில்லை. பத்து வருடத்தில் அந்த முடி தானாக அசைந்து மேஸ்திரி பார்த்ததில்லை. அதற்கு அசையத் தெரியும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

தொலைபேசி ஒலித்தது. கட்டுப்பாட்டு அறைப் பெண்.

"சார், கசிவு இருக்கா?"

"பாத்துட்டிருக்கேன்," என்றார் மேஸ்திரி.

பொய் இல்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நெம்புகோலின் மேல் கை இருந்தது. கைக்கு மட்டும் உத்தரவு போய்ச் சேரவில்லை.

மறுநாள் ஊர் நிர்வாகியின் அறையில் விசாரணை நடந்தது. நிர்வாகி முதலில் கட்டுப்பாட்டு அறைப் பெண்ணைப் பிடித்தார். அவர் அசரவில்லை.

"காத்து வாங்கப் போறேன்னா காத்து இல்லன்னுதானே சார் அர்த்தம்? இருக்கறதை எதுக்கு வாங்கணும்?"

நிர்வாகி தாளில் ஏதோ எழுதி அடித்தார். "இருக்கறதைத்தாம்மா வாங்க முடியும். இல்லாததை எங்க போய் வாங்கறது?" என்று கண்டக்டர் பின் வரிசையிலிருந்து கேட்டார். நிர்வாகி அதையும் எழுதி அடித்தார். ஆகவே அவர் மேஸ்திரியின் பக்கம் திரும்பினார்.

"கசிவு இல்லன்னு தெரிஞ்சும் விசிறிய ஏன் உடனே நிறுத்தல? வடிகட்டி பூரா தூசி."

மேஸ்திரி எழுந்தார். விழா மேடையில் நின்ற அதே நிமிர்வு.

"பெரிய விசிறிகளை இதுவரைக்கும் முழு வேகத்துல பரிசோதிச்சதே இல்ல. அது பெரிய பாதுகாப்புக் குறை. நேத்துப் பரிசோதிச்சேன். இனிமே தினமும் சாயங்காலம் பரிசோதிக்கணும்."

"தினமுமா? வடிகட்டி தாங்குமா?"

"தினமும் ஓட்டினா தூசி சேராது. சேரவிட்டு ஓட்டினாத்தான் அடைக்கும்."

வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தார். சில வாரம் கழித்துப் பார்த்தால் அது பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது. பத்து வருடம் தான் சொல்லிவந்தது அந்த அளவுக்குத் தவறு என்பதை அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. பரிசோதனை வேறு, வீண் வேறு. ஆகவே விழாவில் சொன்ன சொல்லுக்குப் பங்கமில்லை என்று மனைவியிடம் விளக்கினார்.

"நான் ஒண்ணும் சொல்லலையே," என்றார் மனைவி. பெட்டி பரணுக்குப் போயிற்று. திரும்பும் வண்டி இரண்டு காலி இருக்கைகளோடு கிளம்பிப் போனது. கண்டக்டர் அதைக் கண்ணாடி வழியாக விசில் அடித்து வழியனுப்பினார்.

அதன் பிறகு சாயங்காலப் பரிசோதனைக்கு ஊரே திரண்டது. பிள்ளைகள் மேல்சட்டையோடு வந்தார்கள். கட்டுப்பாட்டு அறைப் பெண் பணி முடிந்த நாட்களில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேஸ்திரியும் வருவார், மாமனாருக்கு இரண்டடி பின்னால், கையில் ஓர் அளவுகருவியோடு. அவருக்குக் காற்று வாங்கும் எண்ணம் இல்லை என்பதற்கு அந்தக் கருவிதான் சாட்சி.

ஒருநாள் கண்டக்டருக்கு ஜலதோஷம். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, "இன்னிக்கு நம்ம வண்டி ஓடாது மாப்ள, நீங்க படுங்க" என்றார். மனைவிக்கு மாலைப் பணி. விசிறியை ஓட்டும் பொத்தானை அழுத்த உதவியாளர் இருந்தார். அளவுகருவி பழுதுபார்க்கப் போயிருந்தது. மேஸ்திரி வெளியே போவதற்கு இந்த ஊரில் ஒரு காரணமும் மிச்சமில்லை.

இருந்தாலும் தொலைபேசியை எடுத்தார்.

"கட்டுப்பாட்டு அறையா? நான்தாம்மா. பெரிய தெருவுக்குப் போறேன்."

"பரிசோதனையா சார்?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். மேஸ்திரி வாயைத் திறந்தார். அதற்கு முன்னால் ஒரு பெருமூச்சு வந்துவிட்டது, நீளமாக.

"இல்லம்மா," என்றார். "காத்து வாங்க."

அந்தப் பக்கம் நாற்காலி நகரவில்லை.

"சரி சார்," என்றார் அந்தப் பெண். "போயிட்டு வாங்க."

மேஸ்திரி ரிசீவரை வைத்துவிட்டு, சட்டையின் மேல் பித்தானைக் கழற்றிக்கொண்டு வெளியே நடந்தார்.